தாயுயிர் காத்த கணக்கு

நுழையும்முன்

குழந்தை பிறந்த வீட்டில் மகிழ்ச்சி நிறைகிறது. அம்மகிழ்ச்சி நிலைக்க வேண்டுமானால் தாயும் நலமாக இருக்க வேண்டும். மகப்பேற்றையே மறுபிறவி என்று நம் முன்னோர் கருதிய காலம் ஒன்று இருந்தது. பேறுகாலத்தில் இறந்த தாய்மாரை ஒருவர் விடாமல் எண்ணி, இறப்பின் காரணத்தைத் தேடி, அக்காரணம் தம் கைகளிலேயே இருப்பதை அறிந்து, அதை அஞ்சாமல் உலகுக்கு உரைத்த மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

இரு வாயில்கள்

ஆஸ்திரியப் பேரரசின் தலைநகரான வியன்னாவில், 1784ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பொது மருத்துவமனை ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கியது. ஏழைப் பெண்கள் கட்டணமின்றி அங்கே குழந்தை பெற்றுக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, மருத்துவம் பயில்வோர் தங்களைப் பரிசோதித்துக் கற்றுக்கொள்ள அவர்கள் இசைய வேண்டும்.

அம்மருத்துவமனையில் இரண்டு மகப்பேற்றுப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள் பயின்றனர். கருவுற்ற பெண்கள் எந்நாளில் வருகிறார்களோ, அந்நாளுக்குரிய பிரிவில் சேர்க்கப்பட்டனர். தாங்கள் சேர்க்கப்பட்டது முதற்பிரிவு என்று அறிந்ததும் பெண்கள் பலர் மண்டியிட்டுக் கைகூப்பி, தங்களை வெளியே அனுப்பிவிடுமாறு மன்றாடினர். வேறு சிலர் தெருவிலேயே குழந்தையைப் பெற்றுக்கொண்டு, வரும் வழியில் பிறந்துவிட்டதாகக் கூறினர். முதற்பிரிவுக்குள் சென்றவர்களில் பலர் திரும்பி வருவதில்லை என்பதை நகரமே அறிந்திருந்தது. அதற்கான காரணத்தை மட்டும் எவரும் அறிந்திருக்கவில்லை.

1846ஆம் ஆண்டு சூலை முதல் நாள், அம்முதற்பிரிவில் ஓர் இளம் மருத்துவர் உதவியாளராகப் பொறுப்பேற்றார். அன்று அவருக்கு இருபத்தெட்டு வயது நிறைந்தது. அவர்தாம் இக்னாஸ் செம்மல்வைஸ்.

இளமையும் கல்வியும்

டான்யூப் ஆற்றங்கரையில், இன்று புடாபெஸ்ட் நகரின் ஒரு பகுதியாக உள்ள புடாவில், 1818ஆம் ஆண்டு சூலை முதல் நாள் செம்மல்வைஸ் பிறந்தார். தந்தையார் மளிகை வணிகர். பத்துக் குழந்தைகளுள் ஐந்தாமவராகப் பிறந்த அவர், 1837ஆம் ஆண்டு சட்டம் பயில வியன்னாவுக்குச் சென்றார். எனினும் அடுத்த ஆண்டே சட்டத்தைக் கைவிட்டு மருத்துவக் கல்வியில் சேர்ந்தார். 1844ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றபின், மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகத் தெரிந்துகொண்டார்.

அக்காலத்து வியன்னா மருத்துவக் கல்வியின் தலைநகரமாகவும் திகழ்ந்தது. இறந்தவர்களின் உடலை அறுத்து ஆராய்ந்து நோயின் இயல்பை அறியும் முறையை ரோகிடான்ஸ்கி என்னும் பேராசிரியர் அங்கே வளர்த்தார். நோயைக் கண்டறிவதில் காரண காரியத் தொடர்பை வலியுறுத்தினார் ஸ்கோடா. தோல்நோய் மருத்துவத்தில் ஹெப்ரா பெயர் பெற்றிருந்தார். கண்ணால் கண்டதை நம்புவது, எண்ணிப் பார்ப்பது, ஆராயாத கருத்தை ஏற்க மறுப்பது ஆகிய மூன்றையும் செம்மல்வைஸ் இவர்களிடமிருந்து பெற்றார். பின்னாளில் தாய்மாரின் உயிரைக் காத்தவை இப்பண்புகளே.

கணக்கு எழுப்பிய வினா

முதற்பிரிவில் தாய்மாரைக் கொன்ற நோய் மகப்பேற்றுக் காய்ச்சல் எனப்பட்டது. நம் நாட்டில் மக்கள் பிரசவ ஜன்னி என்று அழைத்த நோயும் இதுவே. குழந்தை பிறந்த சில நாள்களுக்குள் தாய்க்குக் கடுங்காய்ச்சல் காணும், வயிறு வீங்கி வலியெடுக்கும், நாடித்துடிப்பு மிகும், பின் நினைவு தடுமாறும். காய்ச்சல் கண்டவர்களுள் பிழைத்தவர் சிலரே.

காற்றில் கலந்துள்ள நச்சுத்தன்மையே இந்நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் நம்பினர். வானிலை, விண்ணுலகின் விளைவுகள், நிலத்தின் இயல்பு எனப் பலவும் காரணங்களாகக் கூறப்பட்டன. இவற்றை மனிதரால் மாற்ற இயலாது என்பதால், இறப்புகளும் தவிர்க்க இயலாதவை என்றே கருதப்பட்டன.

செம்மல்வைஸ் அவ்வாறு அமைதியடையவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்து, ஆண்டுவாரியாகவும் மாதவாரியாகவும் பேறுகளையும் இறப்புகளையும் கணக்கிட்டார். 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 4,010. இறந்த தாய்மார் 459 பேர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் நிகழ்ந்த பேறுகள் 3,754; இறந்தவர்கள் 105 பேர். அதாவது, நூறு தாய்மாருக்கு ஒரு பிரிவில் பதினொருவர் இறக்க, மற்றொரு பிரிவில் மூவருக்கும் குறைவானவர்களே இறந்தனர்.

ஓர் ஆண்டின் கணக்கு தற்செயலாகவும் இருக்கலாம். எனவே 1841 முதல் 1846 வரையுள்ள ஆறு ஆண்டுகளையும் அவர் தொகுத்தார். முதற்பிரிவில் 20,042 பேறுகளுக்கு 1,989 இறப்புகள். இரண்டாம் பிரிவில் 17,791 பேறுகளுக்கு 691 இறப்புகள். இரண்டாம் பிரிவின் விகிதமே முதற்பிரிவிலும் நிலவியிருந்தால், அந்த ஆறு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,200 தாய்மார் பிழைத்திருப்பர்.

பதிவேட்டில் மறைந்த இறப்புகள்

பதிவேட்டின் எண்களை அப்படியே நம்பிவிடலாகாது என்பதையும் செம்மல்வைஸ் உணர்ந்தார். நோய் மிகும் காலங்களில், முதற்பிரிவில் காய்ச்சல் கண்ட தாய்மார் மருத்துவமனையின் வேறு கூடங்களுக்கு மாற்றப்பட்டனர். அங்கே அவர்கள் இறந்தால், அவ்விறப்பு பொது மருத்துவமனையின் கணக்கில் சேர்ந்தது. மகப்பேற்றுப் பிரிவின் கணக்கில் சேரவில்லை. எனவே ஏடு காட்டிய எண்ணைவிட உண்மையான இறப்புகள் மிகுதி. இரு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடும் ஏட்டில் உள்ளதைவிடப் பெரிது.

குழந்தை பெற்றதனால் நோயுற்ற ஒரு தாய் எந்தக் கட்டிலில் இறந்தாலும், அவ்விறப்பு மகப்பேற்றைச் சார்ந்ததே. கட்டில் மாறுவதால் காரணம் மாறுவதில்லை. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை அன்று பதிவேடுகள் மறந்திருந்தன.

விடை தேடிய வழி

இரு பிரிவுகளும் ஒரே மருத்துவமனையில், ஒரே வானத்தின்கீழ் இருந்தன. காற்றின் நச்சுத்தன்மையே காரணமாயின், அது ஒரு பிரிவை மட்டும் தாக்கி மற்றதை விட்டுவைப்பது எங்ஙனம்? செம்மல்வைஸ் இரு பிரிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயத் தொடங்கினார்.

கூட்ட நெரிசல் காரணமா எனப் பார்த்தார். பெண்கள் அஞ்சி விலகிய முதற்பிரிவைவிட, அவர்கள் விரும்பிய இரண்டாம் பிரிவிலேயே நெரிசல் மிகுதியாக இருந்தது. எனவே அது காரணமன்று. இரண்டாம் பிரிவில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துக் குழந்தை பெற்றனர்; முதற்பிரிவில் மல்லாந்து படுத்துப் பெற்றனர். முதற்பிரிவிலும் ஒருக்களித்துப் படுக்கச் செய்தார், இறப்பு குறையவில்லை.

இறக்கும் நிலையில் உள்ளோருக்கு இறுதிச்சடங்கு செய்ய வரும் பாதிரியார், மணியொலியோடு முதற்பிரிவின் கூடங்கள் வழியே நடந்து செல்வது வழக்கம். மணியோசை எழுப்பும் அச்சமே தாய்மாரைக் கொல்கிறது என்று சிலர் கருதினர். செம்மல்வைஸ் பாதிரியாரை வேண்டிக்கொண்டு, மணியின்றி வேறு வழியாக வரச் செய்தார். அப்போதும் இறப்பு குறையவில்லை.

இவ்வாறு ஒவ்வொரு காரணமும் விலகிக்கொண்டே வந்தது. ஆயினும் சில செய்திகள் அவர் மனத்தை உறுத்தின. தெருவில் குழந்தை பெற்று வந்த பெண்களுக்கு இக்காய்ச்சல் அரிதாகவே கண்டது. பேற்றுவலி நீண்ட நேரம் நீடித்த பெண்களோ பெரும்பாலும் நோய்க்கு இரையாயினர். சில வேளைகளில், அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தவர்கள் வரிசையாக நோயுற்றனர். தெருவில் பெற்றவளை எவரும் பரிசோதிக்கவில்லை. நெடுநேரம் வலியில் கிடந்தவளையோ பல மாணவர்கள் பலமுறை பரிசோதித்தனர். மாணவர்கள் பரிசோதித்துச் சென்றதும் கட்டில் வரிசைப்படியே. இச்செய்திகளை ஒன்றாகக் கோக்கும் நூல்தான் அப்போது அவர் கையில் அகப்படவில்லை.

நண்பரின் இறப்பு

1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் செம்மல்வைஸ் சிலநாள் ஓய்வுக்காக வெனிசு நகருக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்தபோது, தாம் பெரிதும் மதித்த நண்பரும் சட்டமுறை மருத்துவப் பேராசிரியருமான யாக்கோப் கோலெட்ச்கா இறந்துவிட்ட செய்தி காத்திருந்தது. பிணக்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி பேராசிரியரின் விரலில் தவறுதலாகக் குத்தியது. அச்சிறு காயமே நஞ்சாகி அவர் உயிரைக் கவர்ந்தது.

துயரத்தினூடே செம்மல்வைஸ் நண்பரின் உடலாய்வுக் குறிப்பைப் படித்தார். நிணநீர்க் குழாய்களிலும் இரத்தக் குழாய்களிலும் அழற்சி. நுரையீரல் உறையிலும் இதய உறையிலும் வயிற்று உள்ளுறையிலும் மூளை உறையிலும் அழற்சி. இம்மாற்றங்களை அவர் நூற்றுக்கணக்கான முறை கண்டிருந்தார். மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவையும் இவையே.

இரண்டும் ஒரே நோய் என்றால், காரணமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிணத்தை அறுத்த கத்தி, அழுகிய பொருளின் நுண்துகள்களைக் கோலெட்ச்காவின் இரத்தத்தில் சேர்த்தது. தாய்மாரிடம் அத்துகள்களைக் கொண்டுசேர்த்தது எது? விடை தெளிவாயிற்று. முதற்பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்து ஆராய்ந்தனர். பின் அங்கிருந்து நேரே மகப்பேற்றுக் கூடத்துக்கு வந்து தாய்மாரைப் பரிசோதித்தனர். சோப்பினால் கை கழுவிய பின்னும் பிணவாடை கைகளில் நீடித்தது. இரண்டாம் பிரிவின் மருத்துவச்சிகளோ பிணக்கூறாய்வு செய்வதில்லை. இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த உண்மையான வேறுபாடு இதுவே.

பழைய ஏடுகளும் இதற்குச் சான்று பகர்ந்தன. பிணங்களைக் கொண்டு மகப்பேற்று மருத்துவம் கற்பிக்க மறுத்த போயர் என்பவர் தலைமை வகித்த காலத்தில், நூறு தாய்மாருக்கு ஏறத்தாழ ஒருவரே இறந்தனர். அவருக்குப்பின் யோகான் கிளைன் பொறுப்பேற்று, பிணக்கூறாய்வு கல்வியின் பகுதியாக ஆனபோது இறப்பு பெருகியது.

இவ்விடை செம்மல்வைசுக்கு மகிழ்ச்சி தரவில்லை. நோயின் காரணத்தை அறியும் வேட்கையால், மற்றெவரையும்விட மிகுதியாகப் பிணக்கூறாய்வு செய்தவர் அவரே. நாள்தோறும் காலையில், இறந்த தாய்மாரின் உடல்களை ஆராய்ந்துவிட்டுத்தான் உயிரோடிருந்த தாய்மாரிடம் அவர் சென்றார். அப்படியானால் தம்மால் கல்லறைக்குச் சென்ற பெண்கள் எத்தனை பேர் என்பதை இறைவன் ஒருவனே அறிவான் என்று அவர் கருதினார். இவ்வுண்மையை மறைக்க அவர் முயலவில்லை. பின்னாளில் தம் நூலிலேயே எழுதிவைத்தார்.

கை கழுவும் நீர்

1847ஆம் ஆண்டு மே மாத நடுவில், முதற்பிரிவின் வாயிலில் குளோரின் கலந்த நீர் வைக்கப்பட்டது. பிணவறையிலிருந்து வருவோர் அந்நீரில் கைகளைத் தேய்த்துக் கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடலாம் என்று செம்மல்வைஸ் ஆணையிட்டார். அது விலை மிகுந்ததாக இருந்தமையால், பின்னர்ச் சலவைத்தூள் கரைத்த நீர் பயன்படுத்தப்பட்டது. பிணவாடையைப் போக்கும் பொருள், அவ்வாடைக்குக் காரணமான துகள்களையும் அழிக்கும் என்பது அவர் கருத்து. கிருமிகளே இந்நோய்க்குக் காரணம் என்பதை அன்று எவரும் அறிந்திலர். ஆயினும் அவர் தேர்ந்தெடுத்த பொருள் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் மிக்கதாக இருந்தது.

விளைவைக் கணக்கு காட்டியது. ஏப்ரல் மாதம் 312 பேறுகளுக்கு 57 தாய்மார் இறந்திருந்தனர். சூன் மாதம் 268 பேறுகளுக்கு அறுவர் இறந்தனர். சூலை மாதம் 250 பேறுகளுக்கு இறந்தோர் மூவரே.

அக்டோபர் மாதம் ஒரு சோதனை நேர்ந்தது. கருப்பையில் புற்றுநோய் கண்ட பெண் ஒருவர் முதற்கட்டிலில் சேர்க்கப்பட்டார். மருத்துவர்கள் கூடத்தில் நுழையும்போது குளோரின் நீரில் கை கழுவினர். ஆனால் ஒருவரைப் பரிசோதித்து அடுத்தவரிடம் செல்லும் முன் சோப்பால் மட்டுமே கழுவினர். அப்பெண்ணுக்குப் பின் பரிசோதிக்கப்பட்ட தாய்மாருள் பன்னிருவர் நோயுற்றனர். அவர்களில் பதினொருவர் இறந்தனர்.

செம்மல்வைஸ் தம் கருத்தை உடனே திருத்திக்கொண்டார். நஞ்சு பிணத்திலிருந்து மட்டும் வருவதன்று. உயிருள்ள உடலின் அழுகிய புண்ணிலிருந்தும் வரலாம் என உணர்ந்தார். அதுமுதல், ஒவ்வொரு தாயைப் பரிசோதித்த பின்னும் குளோரின் நீரில் கை கழுவுவது கட்டாயமாயிற்று.

1848ஆம் ஆண்டு முழுவதும் முதற்பிரிவில் 3,556 பேறுகள் நிகழ்ந்தன. இறந்த தாய்மார் 45 பேர். அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகசுட்டிலும் ஒரு தாய்கூட இறக்கவில்லை. பெண்கள் அஞ்சி மன்றாடிய அதே வாயில், இரண்டாம் பிரிவுக்கு இணையாகப் பாதுகாப்பான வாயிலாக மாறியது.

ஏற்காத உலகம்

இத்தகைய சான்றுக்குப்பின் உலகம் அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. ஹெப்ரா 1847 இறுதியிலும் 1848இலும் இக்கண்டுபிடிப்பை மருத்துவ இதழில் வெளியிட்டார். ஸ்கோடாவும் ரோகிடான்ஸ்கியும் துணைநின்றனர். ஆயினும் மூத்த மருத்துவர்கள் பலர் இதனை ஏற்க மறுத்தனர். நோய்க்குக் காரணம் காற்றில் உள்ளது என்னும் கொள்கையில் ஊறியவர்களுக்கு, ஒரே காரணத்தால் எல்லாம் விளைந்தது என்பது நம்பத்தகாததாகத் தோன்றியது. அதனினும் பெரிய தடை ஒன்று இருந்தது. உயிர்காக்கும் கை என்று உலகம் போற்றிய கையே உயிரைப் பறித்தது என ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை.

செம்மல்வைஸ் மீதும் குறை இருந்தது. எழுதுவதில் அவருக்கு நாட்டமில்லை. தம் கண்டுபிடிப்பைத் தாமே விரிவாக எழுதி வெளியிடாமல் பல ஆண்டுகளைக் கழித்தார். எனவே நண்பர்களின் சுருக்கமான குறிப்புகளைப் படித்த பிற நாட்டவர், பிணத்திலிருந்து மட்டுமே நோய் பரவுவதாக அவர் கூறுகிறார் என்று தவறாக விளங்கிக்கொண்டனர்.

இச்செய்தியை உலகம் கேட்பதும் அதுவே முதன்முறையன்று. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் அலெக்சாண்டர் கார்டன் என்னும் மருத்துவர், நோயுற்ற தாய்மாரின் பட்டியலோடு அவர்களுக்குப் பேறு பார்த்தவர்களின் பெயரையும் குறித்து, நோயைக் கொண்டுசெல்வோர் மருத்துவரும் மருத்துவச்சியருமே என 1795இல் எழுதினார். அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1843இல் இதே கருத்தை வெளியிட்டார். இருவருக்கும் எதிர்ப்பே பரிசாகக் கிடைத்தது.

1849ஆம் ஆண்டு செம்மல்வைசின் பணிக்காலம் முடிவுற்றது. கிளைன் அதனை நீட்டிக்க இசையவில்லை. 1850 மே மாதம் வியன்னா மருத்துவர் சங்கத்தில் அவர் தம் கண்டுபிடிப்பைப் பற்றி உரையாற்றினார். அவ்வாண்டு அக்டோபரில் அவருக்குக் கற்பிக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் பொம்மையைக் கொண்டு மட்டுமே கற்பிக்கலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. மனம் புண்பட்ட அவர், துணைநின்ற நண்பர்களிடமும் விடைபெறாமல், சில நாள்களிலேயே வியன்னாவை விட்டுத் தாய்நாட்டுக்குத் திரும்பினார்.

தாயகத்தில் தொடர்ந்த பணி

புடாவுக்கு எதிர்க்கரையில் உள்ள பெஸ்ட் நகரின் தூய ரோக்கு மருத்துவமனையில், 1851ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பிரிவின் தலைமையை அவர் ஊதியமின்றி ஏற்றார். அறுவை மருத்துவத் துறையோடு இணைந்திருந்த அப்பிரிவில் மகப்பேற்றுக் காய்ச்சல் தலைவிரித்தாடியது. அவர் பொறுப்பேற்றபின் நிலைமை மாறியது. 1851 முதல் 1855 வரை அங்கு நிகழ்ந்த 933 பேறுகளில், மகப்பேற்றுக் காய்ச்சலால் இறந்தவர்கள் எண்மர் மட்டுமே.

1855ஆம் ஆண்டு அவர் பெஸ்ட் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியரானார். அங்கே நோய் மீண்டும் தலைகாட்டியபோது, கைகள் தூய்மையாக இருந்தும் காய்ச்சல் எவ்வாறு வந்தது என்று ஆராய்ந்தார். சரியாகத் துவைக்காத படுக்கை விரிப்புகள் நஞ்சைச் சுமந்து வந்ததைக் கண்டறிந்தார். கையோடு கருவியும் துணியும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார். 1857ஆம் ஆண்டு மரியா என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டில் சூரிச்சு பல்கலைக்கழகம் அழைத்தபோதும், தாயகத்தை விட்டுச் செல்ல அவர் விரும்பவில்லை.

நூலும் சினமும்

நீண்ட தயக்கத்துக்குப் பின், மகப்பேற்றுக் காய்ச்சலின் காரணம், இயல்பு, தடுப்புமுறை ஆகியவற்றை விளக்கும் பெருநூலைச் செருமானிய மொழியில் எழுதினார். 1861ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அந்நூல் பட்டியல்களும் எண்களும் நிறைந்தது. அதற்கும் எதிர்ப்பே மிகுதியாக இருந்தது.

மறுப்புகளைக் கண்டு செம்மல்வைஸ் பொறுமை இழந்தார். ஐரோப்பாவின் புகழ்பெற்ற மகப்பேற்றுப் பேராசிரியர்களுக்கு வெளிப்படையான மடல்களை எழுதினார். தம் வழியைப் பின்பற்றாதவர்கள் தாய்மாரைக் கொலை செய்பவர்கள் என்று அவற்றில் சாடினார். கடுஞ்சொல் பகையை வளர்த்ததே அன்றி எதிர்த்தவர்களின் மனத்தை மாற்றவில்லை. எனினும் அச்சினத்தின் வேர் தன்னலம் அன்று. தடுக்கக்கூடிய இறப்புகள் நாள்தோறும் நிகழ்கின்றன என்பதை எண்களால் அறிந்தவர் அவர். ஒவ்வொரு நாள் தாமதமும் எத்தனை தாய்மாரைப் பலிகொள்ளும் என்பதை அவரால் கணக்கிட முடிந்தது.

இறுதி நாள்கள்

1865ஆம் ஆண்டில் அவருடைய மனநலம் குன்றியது. சூலை இறுதியில் அவரை வியன்னாவுக்கு அழைத்துச் சென்று மனநல விடுதி ஒன்றில் சேர்த்தனர். வெளியேற முயன்ற அவரைக் காவலர்கள் தாக்கிக் கட்டிவைத்தனர். உடலில் இருந்த காயம் சீழ்வைத்து, நஞ்சு இரத்தத்தில் கலந்தது. அவ்வாண்டு ஆகசுட்டு 13ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். கோலெட்ச்காவையும் ஆயிரக்கணக்கான தாய்மாரையும் கொன்ற அதே வகை நஞ்சே அவர் உயிரையும் கவர்ந்தது.

காலம் அளித்த விடை

அவர் இறப்பதற்கு முதல்நாள், கிளாசுகோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கால் முறிந்த சிறுவன் ஒருவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலம் கொண்டு தூய்மை செய்தார். காயம் சீழ்பிடிக்காமல் ஆறியது. நுண்ணுயிரிகளைப் பற்றி லூயி பாஸ்டர் கண்ட உண்மைகளே லிஸ்டருக்கு வழிகாட்டின. 1879ஆம் ஆண்டு பாரிசில் நடந்த மருத்துவர் அவையில், மகப்பேற்றுக் காய்ச்சலை உண்டாக்கும் சங்கிலி வடிவ நுண்ணுயிரியைப் பாஸ்டர் கரும்பலகையில் வரைந்து காட்டினார். செம்மல்வைஸ் கண்ணால் காணாமல் கணக்கால் அறிந்த பகைவன் அதுவே.

1891ஆம் ஆண்டு அவருடைய எச்சங்கள் வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. அவர் பிறந்த வீடு இன்று மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அந்நகரின் மருத்துவப் பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய கண்டுபிடிப்பு தொடர்பான ஆவணங்களை 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

கணக்கு கற்பிக்கும் பாடம்

இன்று உலக நாடுகள் பேறுகால இறப்புகளைத் தனியே கணக்கிடுகின்றன. ஒரு பெண் கருவுற்றிருக்கும்போதோ, கருக்காலம் முடிந்த 42 நாள்களுக்குள்ளோ, கருவுற்றதன் தொடர்பான காரணத்தாலோ அதனால் மோசமடைந்த நோயாலோ இறந்தால், அது பேறுகால இறப்பு எனப்படுகிறது. விபத்தால் நேரும் இறப்பு இக்கணக்கில் சேராது. ஓரிலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு எத்தனை தாய்மார் இறந்தனர் என்பதைக் கொண்டு நாடுகளின் நிலை ஒப்பிடப்படுகிறது. குழந்தை பிறந்து வீடு திரும்பிய பின் நேரும் இறப்பும், வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டபின் நேரும் இறப்பும் விடுபடலாகாது என்பதற்காகவே இவ்வரையறை வகுக்கப்பட்டுள்ளது. பதிவேட்டில் மறைந்த இறப்புகளைச் செம்மல்வைஸ் தேடியதும் இதற்காகவே.

எண்ணுவதோடு கடமை முடிவதில்லை. ஒவ்வோர் இறப்பும் ஏன் நிகழ்ந்தது, எந்தக் கட்டத்தில் அதனைத் தடுத்திருக்கலாம் என ஆராய வேண்டும். இங்கிலாந்தும் வேல்சும் 1952ஆம் ஆண்டு முதல் இத்தகைய மறைபொருள் காக்கும் விசாரணையை நாடு முழுவதும் நடத்தத் தொடங்கின. ஒருவரைத் தண்டிப்பது அதன் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். குறையைக் கூறினால் பழி வரும் என்னும் அச்சம் இருக்கும் இடத்தில் உண்மை மறைக்கப்படும். உண்மை மறைந்தால் அதே இறப்பு மீண்டும் நிகழும்.

பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதைக் கைகழுவுதல் என்று கூறுவது நம் வழக்கு. செம்மல்வைஸ் கற்பித்த கைகழுவுதலோ பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் செயல். நேர்ந்த இறப்புக்குத் தம் கையும் காரணமாக இருக்கலாம் என்று எண்ணிப்பார்க்கும் துணிவு அதில் அடங்கியுள்ளது. இன்று மகப்பேற்று அறைக்குள் நுழையும் மருத்துவர் ஒவ்வொருவரும் கை கழுவிய பின்னரே தாயைத் தொடுகிறார். உலகெங்கும் நாள்தோறும் நிகழும் அச்செயலில் செம்மல்வைஸ் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. முதற்பிரிவில் இறப்பு மிகுந்ததற்குக் கூறப்பட்ட காரணங்களையும், செம்மல்வைஸ் அவற்றை விலக்கிய முறையையும் அட்டவணைப்படுத்துக.

2. உண்மையைக் கண்டறிவது, அதைப் பிறர் ஏற்கும்படி எடுத்துரைப்பது – இவ்விரண்டும் வெவ்வேறு திறன்களா? செம்மல்வைசின் வாழ்க்கையைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று, கருவுற்ற தாய்மார் பதிவு செய்யப்படும் முறையையும், பேறுகாலத்துக்குப் பின் அவர்கள் நலம் கண்காணிக்கப்படும் முறையையும் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.